உன்னை ஏசிய ஒலிபெருக்கி

மகனுக்கு,

போன கிழமை கோயில் வீதியில் உன்னை ஏசிக் கூட்டம் வைத்தார்களே, அந்தக் கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கொடுத்தது நான்தான். நானே உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ மனைவி வீட்டோடு இருக்கிற தன்னாமுனைக்குச் செய்தி என்னை முந்திக்கொண்டு போய்விட்டது. தொலைபேசியில் நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அம்மா, உங்கட மைக்கிலதான் என்னை ஊருக்குத் துரோகி எண்டவங்க. கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாய். "கேட்டன் மகன். ரெண்டாவது ஹோன் கொஞ்சம் கரகரத்தது, மாத்திட்டன்" என்றேன். சிரிப்பாய் என்று நினைத்துத்தான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. "நான் சபைய விட்டு விலகப் போறன்" என்றாய்.

இந்தக் கடிதத்தை உன் கையில் தராமல் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். நீ எனக்கு மகன், ஆனால் எங்கள் வட்டாரத்துக்குப் பிரதேச சபை உறுப்பினர். தாய் காதுக்குள் ஏதோ ஓதினாள், மகன் மனம் மாறினான் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. நான் சொல்வதை எல்லோரும் வாசிக்கட்டும். பிழை என்றால் எல்லோரும் பிழை என்று சொல்லட்டும். கதிரையும் பந்தலும் சமையல் கிடாரமும் வாடகைக்கு விடுகிறவளுக்கு அரசியல் எதற்கு என்று கேட்பவர்களும் இருப்பார்கள். இந்த ஊரில் எந்தக் கட்சி வந்து பேசினாலும் என் கதிரையில் உட்கார்ந்துதான் சனம் கேட்டிருக்கிறது. எல்லாப் பேச்சையும் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று நானும் கேட்டிருக்கிறேன், கதிரை உடையாமல் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே.

நடந்தது உனக்குத் தெரியும். வாசிக்கிற மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். நீயும் ஒருமுறை என் கண்ணால் பார்.

எங்கள் அம்மன் கோயில் வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். வைகாசிச் சடங்குக்கு மட்டும் கதவு திறக்கும். திறந்த நாளிலிருந்து ஊருக்குள் மீன் மணக்காது. ஊரில் இருந்தவர் வெளியூரில் படுக்கப் போக மாட்டார். கடைசி நாள் குளிர்த்தி. அம்மனின் சூடு தணிந்து, ஊருக்கு மழையும் சுகமும் கேட்டு வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துகிற நாள் அது. இடையில் ஊருக்குள் ஒரு சாவு விழுந்தால், பொழுதுபடுவதற்குள் அடக்கம் செய்துவிட வேண்டும். அதன் பிறகு மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சடங்கு தொடரும். அடக்கம் செய்யாமல் உடல் ஊருக்குள் தங்கினால் குளிர்த்தி இல்லை, அடுத்த வைகாசிவரை கதவு திறக்காது. எனக்கு நினைவு தெரிந்து அப்படிக் கதவு சாத்தியதில்லை. சாவு விழுந்த வீடுகள் யாரும் கேட்காமலே பொழுதுக்குள் அடக்கிவிட்டன. அவை எல்லாம் அம்மனைக் கும்பிடுகிற வீடுகள், அதனால் கேட்க வேண்டியும் வரவில்லை.

இந்த வைகாசியில், குளிர்த்திக்கு முதல் நாள் காலையில், திரேசம்மா போனார். கோயில் வீதியில் இருக்கிற நாலைந்து கத்தோலிக்க வீடுகளில் அவருடையதும் ஒன்று. மகன் அந்தோனி வாவியில் இறால் பிடிக்கிறவன். மகள் மேரி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவள். தாய்க்கு நோய் கடுமை என்று கேள்விப்பட்டு, வேலை செய்த வீட்டுக்காரியிடம் அழுது மன்றாடி, அன்றைக்கு விமானம் ஏற இருந்தாள். அடுத்த நாள் மத்தியானத்துக்குள் வீடு வந்துவிடுவாள். பொழுதுக்குள் அடக்கினால் தாயின் முகம் அவளுக்கு இல்லை. அவள் வரும்வரை வைத்திருந்தால் ஊருக்குக் குளிர்த்தி இல்லை. இவ்வளவுதான் விஷயம்.

நீ சடங்குக்கென்று வீட்டுக்கு வந்திருந்தாய். பல் துலக்கிக்கொண்டு நின்றவனைத் தேடி வண்ணக்கர் வந்தார். கோயில் நிர்வாகத்துக்குத் தலைவராக இருப்பவரை நாங்கள் வண்ணக்கர் என்போம். எங்கள் வண்ணக்கர் சாமித்தம்பி அண்ணன் மேல்சட்டை போடாமல், விரதத்தில் ஒட்டிப்போன வயிற்றோடு முற்றத்தில் வந்து நின்றார். "தம்பி, மயானம் உங்கட சபைக்குக் கீழதானே. பொழுதுபடமுந்தி குழி வெட்டிக் குடுக்கச் சொல்லுங்க. பாதரிட்ட நான் கதைக்கிறன். பெட்டி, பந்தல், சாப்பாடு எல்லாம் கோயில் பாத்துக்கொள்ளும். ஊரே வந்து தூக்கும்" என்றார். "அந்தோனி ஓமெண்டவனா மாமா?" என்று நீ கேட்டாய். "அவன் ஒரு கதையும் இல்லாம வாவியப் பாத்துக்கொண்டு நிக்கான். சபை உத்தரவு எண்டா கேப்பான்."

நீ யோசித்துக்கொண்டு நின்றபோது நான் அந்தோனி வீட்டுக்கு ஓடினேன். யாபாரி அல்லவா, பேசினால் முடியாதது இல்லை என்ற நினைப்பு எனக்கு. வலைகள் காய்கிற கொடிக்குப் பக்கத்தில் அவன் நின்றான். "அந்தோனி, போனில முகத்தக் காட்டலாமே மனே. வீடியோவில நல்லாத் தெரியும்" என்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "மாமி, உங்கட மகன்ட கலியாணத்த நீங்க போனிலயா பாத்தீங்க?" என்றான். கோபம் கூட இல்லை அந்தக் குரலில். வந்த வழியே திரும்பி வந்துவிட்டேன். எந்தப் பேரத்திலும் நான் அவ்வளவு சுறுக்காக எழும்பியதில்லை.

நான் திரும்பி வந்தபோது நீ முடிவு சொல்லிக்கொண்டிருந்தாய். "அடக்கம் எப்ப எண்டு வீட்டுக்காரர் சொல்லட்டும். சபை நேரம் வைக்காது." வண்ணக்கர் உன்னை ஏசவில்லை. "இது உங்கட முடிவா தம்பி, சட்டமா?" என்று கேட்டார். "ரெண்டும்தான் மாமா." அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அப்ப பொழுதுபட நான் கதவைச் சாத்திறன். சாத்தினது நானில்ல எண்டத மட்டும் நினைவில வைச்சுக்கொள்ளுங்க" என்றுவிட்டுப் போனார். அன்று மாலை கதவு சாத்தியபோது நான் கோயிலடியில் நின்றேன். உன்னிச்சைப் பக்கத்து வயல் வட்டைகளில் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகுட்டிகளோடு வந்து மரங்களுக்குக் கீழே தங்கியிருந்த சனம், பாய்களைச் சுருட்டிக்கொண்டு போனது.

பாக்கியம் போகவில்லை. பாக்கியம் யார் என்று வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவளுடைய மகனுக்குக் கண் பழுதாகி, பார்வை போய்விடும் என்று டொக்டர்மார் சொன்ன நேரம், பிள்ளைக்குப் பார்வை வந்தால் மடிப்பிச்சை எடுத்துக் கோயிலில் கொண்டுவந்து கொட்டுவேன் என்று அம்மனுக்கு நேர்ந்தவள். பார்வை வந்தது. சடங்கு தொடங்கிய நாளிலிருந்து விரதம் இருந்து, வீடு வீடாகப் போய்ச் சேலை மடியை ஏந்தி அரிசி வாங்கினாள். கலியாண வீட்டில் முன்வரிசையில் உட்காருகிற பெண், எங்கள் வாசல்களில் வெறுங்காலோடு நின்று கேட்டாள். குளிர்த்தி அன்றுதான் அந்த அரிசியைக் கோயிலில் சேர்க்க வேண்டும். மடியைக் கையால் பொத்திக்கொண்டு மூடிய கதவுக்கு முன்னால் அவள் நின்ற நிலையை நீயும் கண்டாய். அந்த மடியில் திரேசம்மா கிடையில் படுத்தபடி அந்தோனியிடம் சொல்லிப் போடுவித்த ஒரு பிடி அரிசியும் கிடந்தது.

அடுத்த நாள் மேரி வந்தாள். அவள் தாயின் கன்னத்தில் கன்னத்தை வைத்தபோது கேட்ட சத்தத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. சனம் குவிந்துவிட்டது. என் கதிரைகள் போதவில்லை. களஞ்சியத்தில் இருந்ததெல்லாம் போட்டாகிவிட்டது. எஞ்சியிருந்தது கோயிலடியில் குளிர்த்திக்கென்று அடுக்கி வைத்த மஞ்சள் கதிரைகள். சாவு வீட்டுக்குப் போன கதிரை கோயிலுக்குப் போகாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். அதற்காகவே மஞ்சள் நிறத்தில் தனியாக வாங்கி வைத்திருக்கிறேன். வயதானவர்கள் வெயிலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு நான் கையைப் பிசைந்தேன். அப்போது வண்ணக்கர் வேலியோரமாக வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. "புள்ள, கோயிலடியில கதிரை சும்மா வெயில் காயுது. எடுத்துப் போடுங்க" என்றார். "அண்ணன், மறுகா அது கோயிலுக்கு ஆகாதே" என்றேன். "கதவே சாத்தியாச்சு. கதிரைக்கு என்ன?" என்றார். உன்னை அவர் மன்னித்துவிட்டார் என்று நினைத்துவிடாதே. மன்னிக்கவில்லை. அந்தக் கிழமையே கூட்டம் கூட்டி, சடங்கு நாளில் கோயில் வீதியில் சாவு விழுந்தால் பொழுதுக்குள் அடக்கியே ஆக வேண்டும், அது எந்த மதத்து வீடாக இருந்தாலும் சரி என்று சபை விதி வைக்க வேண்டும் எனத் தீர்மானம் எடுத்ததும் அவர்தான். என் ஒலிபெருக்கியில்தான் அதை வாசித்தார்.

அந்தத் தீர்மானம் இப்போது உங்கள் சபைக்கு வருகிறது. கை தூக்க வேண்டிய நேரத்தில் நீ கதிரையை விட்டு எழும்பப் பார்க்கிறாய். பயத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். நீ என்னிடம் கேட்ட கேள்வி எனக்கு அப்படியே கிடக்கிறது. "பாக்கியம் அக்காட மடி அரிசியவிட மேரிட கண்ணீர் பாரம் எண்டு நான் எந்தத் தராசில நிறுத்தனான் அம்மா? அப்படியொரு தராசே இல்லையெண்டா, ஒவ்வொருத்தர்ட உரிமை எண்டு நான் தூக்கிப் பிடிக்கிறதும் இன்னொரு சாமிதானே? என்ட சாமிதான் பெரிசு எண்டு நான் எப்படிச் சொல்ற?" வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் நீ படித்துக்கொண்டு வந்த சொல் தாராண்மை அரசியல். அவரவர் வாழ்க்கையை அவரவர் தீர்மானிக்க விடுகிற அரசியல் என்று எனக்கு விளங்கப்படுத்தினாய். மனிதர் பெரிதாக நினைக்கிறவை ஒன்றோடொன்று மோதும்போது அந்த அரசியலை எப்படி நியாயப்படுத்துவது என்று இப்போது நீயே கேட்கிறாய்.

எனக்குத் தெரிந்தது என் களஞ்சியம்தான். அங்கே கோயில் கிடாரங்கள் ஒரு பக்கம் இருக்கின்றன. அவற்றில் மீன் பட்டதில்லை. காத்தான்குடி முஸ்லிம் கலியாணங்களுக்குப் போகிற கிடாரங்கள் இன்னொரு பக்கம். ஐந்தாறு பேராக வட்டம் கூடி ஒரே தட்டில் சாப்பிடுகிற அவர்களுடைய சஹன் தட்டுகளும் அங்கேதான். கிறிஸ்தவ வீடுகளுக்கு வெள்ளைத் துணி போட்ட மேசைகள். எல்லாவற்றையும் ஏற்றி இறக்குவது ஏறாவூர் ரகீம் காக்காவின் லொறி. "தங்கச்சி, இந்த லொறிக்குள்ள ஒரு பிரதேச சபையே போகுது. ஒருத்தரை ஒருத்தர் ஏசாததுதான் குறை" என்பார். எந்தக் கிடாரம் சுத்தம் என்று நான் ஒருநாளும் தீர்ப்புச் சொன்னதில்லை. அதைச் சொல்ல எனக்கு அறிவும் இல்லை. ஆனால் நான் யாருக்கும் சாயாதவள் என்றும் சொல்ல மாட்டேன். ஒருமுறை வண்ணக்கர், இறைச்சிக் கிடாரம் ஏற்றுகிற லொறி கோயில் வளவுக்குள் வரக் கூடாது என்றார். "லொறி ஒண்டுதான் அண்ணன். ரகீம் காக்கா கழுவிக்கொண்டு வருவார். அதுவும் ஏலாதெண்டா வேற ஆளைப் பாருங்க" என்றேன். இரண்டு வருடம் வேறு ஆளைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார். நாலு கம்பு நட்டுத்தான் பந்தல் போடுகிறோம். அந்த நாலு இடத்திலும் நிலத்தில் குழி விழத்தான் செய்யும். குழி விழாத பந்தல் என்னிடம் இல்லை, உன் அரசியலிலும் இருக்காது.

ஆகவே உன் கேள்வியின் முதல் பாதியை ஒத்துக்கொள்கிறேன். தராசு இல்லை. மேரியின் பக்கம் பாரம் என்று நீ நிரூபிக்க முடியாது. கதவு அடுத்த வருடம் திறக்கும், தாயின் முகம் திரும்பி வராது, அதனால் மேரிக்கு விட்டது சரி என்று நானும் முதலில் எனக்குள் சொல்லிப் பார்த்தேன். கெட்டிக்காரக் கணக்குத்தான். ஆனால் திறந்த கதவுக்கு முன்னால் மடியை ஏந்தி நிற்க ஒருத்தி இத்தனை நாள் ஒறுத்திருந்தாளே, அந்த நாளும் திரும்பி வராது. அந்தக் கணக்கு பாக்கியத்தைக் கண்டதும் எனக்கு உதிர்ந்துவிட்டது. ஆனால் தராசு இல்லாததால் நீ விலக வேண்டும் என்கிறாயே, அந்த இரண்டாம் பாதியைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

உன் அப்பா போனபோது நீ கைப்பிள்ளை. காய்ச்சலில் போனார். அந்த நாட்களில் எங்கள் சந்தியில் துவக்கோடு நின்றவர்கள் யார் என்று இங்கே எழுத மாட்டேன். எல்லாப் பக்கத்தாரும் மாறி மாறி நின்றார்கள். ஆள் கூட வேண்டாம், உடனே அடக்குங்கள் என்று வந்து சொன்னார்கள். அவர்களிடமும் ஒரு காரணம் இருந்தது. ஊரின் பாதுகாப்பு என்றார்கள். அது பொய் என்று இன்றும் என்னால் துணிந்து சொல்ல முடியாது. உன் மாமி, அப்பாவின் கூடப்பிறந்தவள், உன்னிச்சையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தாள். வழியில் மறித்துவிட்டார்கள். அவள் வந்து சேர்ந்தபோது மண் காய்ந்துவிட்டது. அந்தக் காரணத்தை இவ்வளவு காலம் கழித்து நான் ஆறுதலாக ஆராயலாம். ஆனால் அன்றைக்கு, "இது எனக்கு நட்டம்" என்று சொல்ல எனக்கு வாய் இருக்கவில்லை. சொன்னால் கேட்பதற்கு யாரும் இருக்கவில்லை. போய் முறையிட ஒரு சபை இல்லை, ஏசுவதற்கு ஒரு உறுப்பினர் இல்லை, ஏசியவர் அடுத்த நாள் வீட்டில் இருப்பார் என்ற நிச்சயமும் இல்லை. அதனால்தான் என் மனம் மேரி பக்கம் சாய்கிறது. இதை வண்ணக்கரும் வாசிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இன்றைக்கு வண்ணக்கர் குளிர்த்தியை இழந்தார், வாயை இழக்கவில்லை. உன்னை ஏசினார், கூட்டம் கூட்டினார், தீர்மானம் கொண்டுவருகிறார். அவர் வென்றாலும் வெல்லலாம். வென்றால் அந்தோனி வந்து என்னிடம் ஒலிபெருக்கி கேட்பான், அவனுக்கும் கொடுப்பேன். உரிமை என்பது நேர்த்தியைவிடப் பாரமானது என்பதற்காக நான் உன் அரசியலின் பக்கம் நிற்கவில்லை. எது பாரம் என்று யாருக்கும் தெரியாத இடத்தில், இதுதான் கடைசிச் சொல் என்று யாரும் கதவைச் சாத்திவிடக் கூடாது என்பதற்காக நிற்கிறேன். இன்று தோற்றவர் நாளைக்கும் இதே ஊரில், இதே வீதியில், என் கதிரையில் உட்கார்ந்து, "நீங்கள் செய்தது பிழை" என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "அதுவும் ஒரு விழுமியம்தானே அம்மா?" என்று நீ திருப்பிக் கேட்பாய். ஓம், அதுவும்தான். என் பந்தலின் குழி அது.

அந்தக் குழியையும் காட்டுகிறேன். முன்பொரு நாள் சில பொடியன்கள் வந்து சந்தைக்கு ஒலிபெருக்கி கேட்டார்கள். ஏறாவூர்க்காரர் கடையில் யாரும் சாமான் வாங்கக் கூடாது, அவர்கள் இந்தச் சந்தையை விட்டே போக வேண்டும் என்று அறிவிப்பதற்கு. தர மாட்டேன் என்றேன். "எல்லாருக்கும் குடுக்கிறீங்க, எங்களுக்கு மட்டும் இல்லையா?" என்றார்கள். நியாயமான கேள்வி. "நான் நட்டப்பட்டன் எண்டு சொல்ல வந்தா மைக் தாறன். மற்றவன்ட வாயப் பொத்த வந்தா தரமாட்டன்" என்றேன். அவர்கள் போன பிறகு, லொறியைக் கழுவிக்கொண்டிருந்த ரகீம் காக்கா நிமிராமலே, "தங்கச்சி, இனி இவங்கட வீட்டுக் கலியாணம் நமக்கில்ல" என்றார். அப்படித்தான் நடந்தது. நானும் ஒரு பக்கம் எடுத்தேன் மகன். எடுக்காமல் தொழில் செய்ய முடியாது. எடுத்த பக்கத்தை மறைக்காமல் சொல்லலாம், அவ்வளவுதான்.

நீ விட்ட பிழை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் தாயில்லை. அந்தோனிக்கு விட்டது பிழை அல்ல. கதவு சாத்திய பிறகு நீ பாக்கியத்திடம் போய், "உங்களுக்கு இதில ஒரு இழப்பும் இல்ல அக்கா, வாற வருஷம் செய்யலாம்தானே" என்றாயே, அதுதான் பிழை. நல்ல மனதோடுதான் சொன்னாய். ஆனால் ஒருவரிடமிருந்து ஒன்றை எடுத்துவிட்டு, நீ எதையும் இழக்கவில்லை என்று அவரிடமே சொல்வது இரண்டாவது தரம் எடுப்பது. உன் அக்காவுக்கு இந்த வீட்டை எழுதியபோது நான் உனக்கு அப்படிச் சொன்னேனா? வீடு பெண்பிள்ளைக்கு என்பது எங்கள் பக்கத்து முறை. ஆணும் பெண்ணும் சமம் என்று பார்த்தால் உனக்கும் பாதி சேர வேண்டும். இரண்டும் சரிதான், இரண்டையும் ஒரே வீட்டில் செய்ய முடியாது. முறைப்படி செய்தேன். நீ பகிடியாக, "அப்ப எனக்குக் கிடாரமா அம்மா?" என்றாய். முகம் பகிடியாக இல்லை. "உன்ட அக்காட்ட குடுத்தது சரி மகன். ஆனா உனக்கு நட்டம்தான், இல்லையெண்டு சொல்லமாட்டன்" என்றேன். நீ அன்றைக்கு என் கையைப் பிடித்தாய். அந்த ஒரு சொல்லை நீ பாக்கியத்துக்குச் சொல்லவில்லை.

போன கிழமை அவளைப் பார்க்கப் போனேன். அந்த அரிசி ஒரு பானையில், வாய் கட்டியபடி, சுவாமி அறையில் இருக்கிறது. வீட்டில் சமைக்கக் கூடாது, கொட்டவும் கூடாது. அடுத்த வைகாசிக்குள் வண்டு விழுந்துவிடும். "அதுக்குள்ள திரேசம்மாட அரிசியும் கிடக்கு அக்கா. அவ தந்த கையோட போயிட்டா. நான் ஆருல கோவிக்கிற?" என்றாள். பிறகு, "உங்கட மகனை வரச் சொல்லுங்க. வந்து இந்தப் பானையப் பாக்கச் சொல்லுங்க. வேற ஒண்டும் வேணாம்" என்றாள்.

தீர்மானத்துக்கு நீ எப்படிக் கை தூக்க வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. என் கருத்து எல்லோருக்கும் தெரியும். கட்டாயம் என்ற சொல்லை நான் ஏற்கவில்லை, கூட்டத்தில் எழும்பிச் சொல்வேன். மயானத்துக்குப் பக்கத்தில், கோயில் வீதிக்கு வெளியே, சபை ஒரு மண்டபம் கட்டிக் கொடுத்தால், விரும்புகிற வீட்டார் சடங்கு நாளில் உடலை அங்கே வைக்கலாம் என்று ஒரு யோசனையும் வைத்திருக்கிறேன். அந்தோனியிடம் கேட்டுப் பார்த்தேன். "அம்மா இருந்த வீட்டில இருந்துதான் மாமி போகவேணும்" என்றான். ஆகவே அதுவும் முழுத் தீர்வு இல்லை. சில வீடுகளுக்கு உதவும், சில வீடுகளுக்கு உதவாது. உதவாத வீடு வரும்போது மறுபடியும் உன்னைப் போல யாராவது ஒருவர் முற்றத்தில் நின்று முடிவெடுக்க வேண்டும். எடுத்துவிட்டு மனம் நோக வேண்டும். உனக்கு நொந்தது என்பதால்தான் நீ அந்த வேலைக்கு ஏற்றவன் என்று நினைக்கிறேன். நோகாதவன் வந்தால் எனக்குப் பயம்.

நேற்று வண்ணக்கர் களஞ்சியத்துக்கு வந்தார். தீர்மானத்தைப் பற்றிச் சபை பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டத்துக்குக் கதிரை போதுமா என்று விசாரித்தார். பிறகு, வாற வருடச் சடங்குக்கு மஞ்சள் கதிரைக்கு என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டார். "புதுசு வாங்கிறன் அண்ணன். பழசு இனிச் சாவு வீட்டுக்கு" என்றேன். தலையாட்டினார். போகாமல் நின்றார். "தம்பி விலகப் போறானாம் எண்டு கதை. உண்மையா புள்ள?" என்றார். "அவன்ட்டதான் கேக்கவேணும்" என்றேன். வண்ணக்கருக்குக் கோபம் வந்துவிட்டது. "விலகினா நான் யாரோட கதைக்கிற? அம்மன்ட கதவை என்னச் சாத்த வைச்சவன் அவன். என்ட முகத்தப் பாத்து, நான் செய்தது இதுக்குத்தான் எண்டு சொல்லவேணும். நான் அவன்ட முகத்தப் பாத்து, பிழை எண்டு சொல்லவேணும். ஆளில்லாத கதிரைய ஏசவா நான் தீர்மானம் எழுதினன்?" என்று கத்திவிட்டு, வாசலில் கழற்றிய செருப்பைப் போட மறந்து போனார். ரகீம் காக்கா செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

கூட்டத்துக்குக் கதிரை போடுவது நான்தான். உன்னுடையதை வண்ணக்கருக்கு நேர் எதிரே போடச் சொல்லியிருக்கிறேன். வருகிற வழியில் முதலில் பாக்கியம் வீட்டுக்குப் போ. சட்டம் பேசாதே. அந்தப் பானைக்கு முன்னால் கொஞ்ச நேரம் இரு. மறுகா கூட்டத்துக்கு வா.

உன் அம்மா